அசுரனுக்கு யார் முகம்?

"குருசாமி, இதுல ஒரு கையெழுத்தப் போட்டுட்டு, பிரஷ்ஷையும் கலரையும் ஒப்படைச்சிட்டு வீட்டுக்குப் போங்க" என்று மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். பார்த்தால் என் ராஜினாமாக் கடிதம். எனக்குச் சிரமம் வேண்டாமென்று அவரே எழுதி வைத்திருந்தார்.

அப்போது நான் சிவகாசியில் ஒரு லித்தோ பிரஸ்ஸில் ஆர்ட்டிஸ்ட். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைவது வேலை. அந்தத் தீபாவளி சீசனுக்குக் கிருஷ்ணர் நரகாசுரனை வதம் செய்கிற மாதிரி ஒரு மத்தாப்பு லேபிள் வரைந்திருந்தேன். அச்சடித்து, பெட்டியில் ஒட்டி, லோடு லோடாக வெளியூருக்கும் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர் தங்கவேலு முதலாளியின் காதில் ஓதியிருக்கிறார்: அசுரனுக்கு நான் வேண்டுமென்றே முதலாளி முகத்தை வைத்துவிட்டேனாம், ஊரே சிரிக்கிறதாம். தங்கவேலுவின் மைத்துனரும் படம் வரைகிறவர்தான், வேலை தேடிக்கொண்டிருந்தார். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பயமும் வந்தது. வேலை போவதோடு இது முடியாது. முதலாளியைக் கேலி செய்தவன் என்று பெயர் விழுந்துவிட்டால் சிவகாசியில் எந்தப் பிரஸ்ஸும் வாசல்படி ஏற விடாது. எனக்கு வேறு தொழிலும் தெரியாது. கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு விருதுநகருக்கு பஸ் ஏறினேன். அங்கே எங்கள் தொழிலாளர் சங்கத்துக்கு வேண்டிய வக்கீல் ஒருவர் இருந்தார்.

வக்கீல் லேபிளைக் கண்ணாடி போட்டு ஒரு தடவை, கழற்றி ஒரு தடவை பார்த்தார்.

"தங்கவேலு மேல மானநஷ்ட வழக்குப் போடலாமா அண்ணாச்சி?" என்றேன்.

"தாராளமாப் போடலாம். ஆனா உங்க மொதலாளியக் கோர்ட்டுல இந்த அசுரன் பக்கத்துல நிக்க வச்சுக் காட்டணும். வருவாகளா?"

சிரித்து முடித்தபின் விஷயத்துக்கு வந்தார். "ராஜினாமாவுல மட்டும் கை வச்சிராதீக. வச்சா நீங்களாப் போனதா ஆயிரும், அப்புறம் எந்தச் சட்டமும் தொணைக்கு வராது. குத்தம் என்னன்னு சார்ஜ் மெமோ கேளுங்க. என்கொயரி வைக்கச் சொல்லுங்க. புகார் சொன்ன ஆளு உங்க முன்னால வந்து சொல்லணும், நீங்க குறுக்குக் கேள்வி கேக்கணும். அதையும் மீறி வேலையவிட்டு நீக்குனா, சங்கத்த முன்ன விட்டு லேபர் ஆபீசர்ட்டப் போவோம். தனியாளாப் போனா எடுபடாது."

சார்ஜ் மெமோ கேட்டேன். மேனேஜர் பாவம், அதை எழுதுவதற்குள் படாத பாடு பட்டார். 'அசுரன் முதலாளியைப் போல் இருக்கிறான்' என்று எழுதினால் முதலாளி கிழித்துப் போட்டார். 'முதலாளி அசுரனைப் போல் இருக்கிறார்' என்று மாற்றி எழுதியதற்கு ஆளையே கிழித்துவிட்டார். கடைசியில் என் கைக்கு வந்த மெமோவில், 'லேபிளில் உள்ள ஒருவர் நிர்வாகத்தில் உள்ள ஒருவரைப் போல் உள்ளார்' என்று இருந்தது.

பேப்பர் குடோனில் என்கொயரி. விசாரிப்பவர் மேனேஜர். முதலாளி உள்ளே வந்ததும் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். அசுரனைப் போலவே அவருக்கும் முறுக்கு மீசை உண்டு. அன்று காலையில் அதை மழித்துவிட்டு வந்திருந்தார்.

நான் லேபிளைக் கையில் எடுத்தேன். "தங்கவேலு அண்ணாச்சி, இதுல எந்த எடம் மொதலாளி மாதிரி இருக்கு? கோரப்பல்லா?"

"பல்லு இல்ல."

"அப்ப முட்டக்கண்ணா?"

முதலாளி கண்ணை இடுக்கிக்கொண்டார்.

"கண்ணும் இல்லப்பா."

"பெறகு மூக்கா? சொல்லுங்க, மொதலாளி இங்கனதான இருக்காக. பாத்துச் சொல்லுங்க."

தங்கவேலுவுக்குச் சட்டை நனைந்துவிட்டது. "ஏ, நான் எங்கய்யா அப்படிச் சொன்னேன்? மொதலாளி முருகன் கணக்கால்ல இருக்காக! ஊர்ல பேசிக்கிட்டாக, அதச் சொன்னேன்."

"எவன்லே பேசுனது?" என்று முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். அந்த நேரம் பார்த்து முகம் கொஞ்சம் அப்படித்தான் இருந்தது. மேனேஜர் சட்டென்று லேபிளைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்தார்.

"அப்ப அது யாரு மூஞ்சிதான்யா?" என்று மேனேஜர் என்னைக் கேட்டார்.

அசுரன் வரைய, பார்த்து வரைவதற்கு ஒரு ஆளைத் தேடி நாங்கள் எங்கே போவோம்? கண்ணாடியை முன்னால் வைத்துக்கொண்டு நாங்களே பல்லைக் காட்டி, பார்த்து வரைய வேண்டியதுதான். லேபிளைத் திரும்ப வாங்கி என் கன்னத்தோரம் பிடித்தேன். கண்ணை உருட்டி, பல்லை நறநறவென்று கடித்து, ஒரு உறுமலும் உறுமினேன்.

"யாத்தே, இவனேதான்!" என்றார் மேனேஜர். அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அசுரன் முகம் குருசாமியுடையதே, குற்றம் நிரூபணமாகவில்லை என்று அங்கேயே உத்தரவு எழுதினார். முதலாளி கையெழுத்துப் போட்டார். அசுரன் என்று பெயர் வாங்கியதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

இப்போது வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பொய்ப் புகார் வந்தால் ரோஷப்பட்டு ராஜினாமா எழுதாதீர்கள். காதில் சொன்ன பொய்யை அத்தனை பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். முக்கால்வாசிப் பேருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அடுத்த சீசன் தொடங்கும்போது முதலாளி என்னை ரூமுக்குள் கூப்பிட்டார்.

"இந்த வருசமும் கிருஷ்ணர் லேபிள்தான?"

"ஆமா மொதலாளி, ஆர்டர் வந்திருக்கு."

"அசுரனுக்கு உன் மூஞ்சி. சரி. கிருஷ்ணருக்கு யாரு மூஞ்சிலே வைக்கப் போற?"

கேட்டுவிட்டு ஜன்னல் வெளிச்சத்துக்கு வாகாகக் கன்னத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். எனக்குப் புரிந்துவிட்டது. வரைந்து கொடுத்தேன். கடைத்தெருவில் சின்னப் பிள்ளைகூட இது யாரென்று அடையாளம் சொல்லியது. யாரும் புகார் செய்யவில்லை. முதலாளி முகத்தை வைக்காத வருஷம் சார்ஜ் மெமோ கொடுத்தார்கள், வைத்த வருஷம் பட்டு வேட்டி கொடுத்தார்கள்.