ஷாம்பு என்ற சொல்

ஆறாம் வகுப்பில் ஆங்கிலம் எடுத்த டீச்சர் ஒருநாள் ஆளுக்கொரு சொல்லைப் பிரித்துக் கொடுத்தார். எல்லாம் இந்தியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள். அது எங்கே பிறந்தது, என்ன பொருள் என்று அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பின் முன்னால் சொல்ல வேண்டும். முடிந்தால் வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவந்தோ ஆளைக் கூட்டிவந்தோ காட்டலாம். நன்றாகச் செய்பவருக்குப் பரிசு உண்டு. எனக்கு ‘ஜங்கிள்’ வேண்டும் என்று கையைத் தூக்கித் தூக்கித் தோள் வலித்ததுதான் மிச்சம். புலி, கரடியெல்லாம் பக்கத்து பெஞ்சுக்காரிக்குப் போய்விட்டன. எனக்கு வந்தது ‘ஷாம்பு’. பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்குகிற பாக்கெட். இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று அழுகை வந்தது.

நூலகத்துத் தடிமனான அகராதியைப் புரட்டியதும் அழுகை போன இடம் தெரியவில்லை. இந்தியில் ‘சாம்ப்போ’ என்றால் ‘அமுக்கு, பிடித்துவிடு’ என்று அர்த்தமாம். இங்கே வந்த வெள்ளைக்காரர்கள் உடம்பைப் பிடித்துவிடச் சொல்லிச் சுகம் கண்டு, அந்தச் சொல்லையும் கப்பலேற்றிக் கொண்டு போயிருக்கிறார்கள். தலையில் நுரை பொங்கத் தேய்ப்பது பிற்பாடு வந்த அர்த்தம். பாக்கெட்டுக்குள் இருக்கிற சமாசாரம் அதற்கும் பிற்பாடு.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தலை பிடித்துவிடுவதில் என் அப்பாவை மிஞ்ச ஜங்ஷன் பக்கம் ஆள் கிடையாது. முடி வெட்டி முடித்ததும் பத்து விரலையும் தலைக்குள் இறக்குவார். எப்பேர்ப்பட்ட ஆளுக்கும் கண் சொருகிவிடும். சாயங்காலம் நேரே சலூனுக்கு ஓடினேன். ஓர் அண்ணாச்சியின் தலை அப்பா கையில் இருந்தது. மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

“அப்போ வெள்ளைக்காரனுக்கே உங்க அப்பாதான் வாத்தியார்னு சொல்லு,” என்றார் அண்ணாச்சி, கண்ணைத் திறக்காமல். “என்ன வே, கைய நிப்பாட்டிட்டீரு?”

வெள்ளிக்கிழமை நீங்கள்தான் வந்து செய்துகாட்டப் போகிறீர்கள், டீச்சரிடம் சொல்லியாயிற்று என்று நான் அப்போதுதான் அப்பாவிடம் சொல்லியிருந்தேன்.

“அங்கன நான் வந்தா சரியா இருக்காதும்மா. கடைய யாரு பாப்பா?”

“வெள்ளிக்கிழமை யாருப்பா முடிவெட்ட வாரா?”

“அப்பா என்ன வேலை பாக்குதேன்னு டீச்சர்ட்ட சொன்னியா?”

“அதச் சொல்லாம எப்படிப்பா?”

பள்ளிக்கூடத்துப் படிவத்தில், தொழில் என்ற இடத்தில் அப்பா ‘வியாபாரம்’ என்று எழுதியிருந்தார். தப்பாக இருந்ததை டீச்சரிடம் சொல்லித் திருத்திவிட்டேன் என்றும் சொன்னேன். பாராட்டுவார் என்று நினைத்தேன். அவர் பைய அண்ணாச்சியின் கழுத்துத் துணியை அவிழ்த்து உதறினார்.

வீட்டில் அம்மா என் கட்சி. “பிள்ள வாய்விட்டுக் கேட்டுட்டால்லா, போயிட்டுத்தான் வாங்களேன்.”

“போறதுக்கென்ன. திங்கக்கிழம மத்த பிள்ளைகள்லாம் இவ பக்கத்துல உக்காரணும்லா,” என்றார் அப்பா.

இதில் என்ன கவலை என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டாவது பெஞ்சில் என் இடம் நிரந்தரமானது.

வெள்ளிக்கிழமை, கல்யாணங்களுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையில் அப்பா வந்தார். நான் ஒரு வார்த்தை பிசகாமல் பேசினேன். “யாராவது வந்து உட்காருங்க,” என்று நாற்காலியைக் காட்டினேன். யாரும் எழவில்லை. பின் பெஞ்சில் ஒருத்தி சிரிப்பை அடக்கினாள். எல்லோருக்கும் கூச்சம் போலிருக்கிறது என்று நானே ஏறி உட்கார்ந்தேன்.

அப்பாவின் விரல்கள் என் தலைக்குள் இறங்கின. இருமிக்கொண்டே இருக்கும் கிழவரின் தொண்டையில் கூடக் கீறல் விழாமல் சவரம் செய்கிற கை அது. அன்றைக்கு நடுங்கியது.

“என்னப்பா இது, கடையில செய்யுத மாதிரி நல்லா அமுக்குங்க,” என்று வகுப்பு முழுக்கக் கேட்கச் சொன்னேன்.

அமுக்கினார். முதலில் டீச்சர் கைதட்டினார். கொஞ்ச நேரம் கழித்து மற்றவர்களும் தட்டினார்கள்.

திரும்புகையில் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து ஆற்றுப்பாலம் வரை உர்ரென்று வந்தேன். பிறகு பொறுக்கவில்லை. “ஜங்கிள் சொன்னவளுக்குத்தான் பரிசு. உங்க கை நடுங்காம இருந்திருந்தா எனக்குக் கிடைச்சிருக்கும்.”

அப்பா மிதித்துக்கொண்டே இருந்தார். “அடுத்த தடவ ஒழுங்காச் செய்யுதேம்மா.”

பாலம் முடிகிற மட்டும் யோசித்தேன். பாவம், அத்தனை பேர் முன்னால் அவருக்கும் முதல் தடவைதானே என்று மன்னித்துவிட்டேன்.