நாத்தனாரின் வளையல்

திருச்செங்கோட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். யூடியூபில் பங்குச் சந்தை பாடங்கள் பார்த்து, எல்லாம் தெரிந்தவள் போல் பேச ஆரம்பித்தேன். ஒரு வீடியோவின் கீழிருந்த இணைப்பு வழியாக வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்து, அவர்கள் தந்த செயலியில் பணம் போட்டேன். லாபம் ஏறுவதைக் கண்ட என் நாத்தனார், "எனக்கும் போட்டுத் தாங்க அண்ணி" என்று தங்க வளையலை விற்றுப் பணம் கொடுத்தாள்.

என் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகப் பணத்தை எடுக்கப் போனபோது, முதலில் வரி கட்டச் சொன்னார்கள். கட்டினோம். மறுநாள் செயலி திறக்கவே இல்லை. சைபர் கிரைமில் புகார் கொடுத்தும் பலனில்லை.

"உங்கள நம்பித்தானுங்க குடுத்தேன்" என்ற நாத்தனார், அதன்பின் என்னோடு பேசுவதில்லை.

இப்போதும் பாடங்கள் பார்க்கிறேன். பதிவு பெற்ற நிறுவனமா என்று சரிபார்க்காமல் ஒரு ரூபாயும் போடுவதில்லை. யாராவது யோசனை கேட்டால், எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன்.