பிஷப் தொப்பி வால்வு

இன்று கடலூரில் பஸ் ஏறியதுமே அனாடமி புத்தகத்தை விரித்துவிட்டேன். நாளைக்குச் சிதம்பரம் மெடிக்கல் காலேஜில் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு.

பக்கத்து சீட்டு அம்மா, கழுத்தில் சிலுவை போட்டவர், இதயப் படத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். "இது என்னா தம்பி?"

"மைட்ரல் வால்வும்மா. பிஷப் வைக்கிற மைட்டர் தொப்பி மாதிரி ரெண்டா பொளந்து இருக்குல்ல, அதான் அந்தப் பேரு."

வைவாவில்கூட இவ்வளவு நன்றாகச் சொல்லமாட்டேன்.

"அந்தத் தொப்பிய எடுத்துட்டுதான் எங்க வூட்டுக்காரருக்கு இரும்புல வச்சாங்க. பக்கத்துல படுத்தா டிக் டிக்னு கேக்கும்."

படத்தில் அந்த வால்வின் மேல் விரலை வைத்தார்.

"போன வருஷம் பொதைச்சோம். மண்ணுக்குள்ள அது மட்டும் இன்னும் அடிச்சிக்கிட்டுக் கெடக்குமா தம்பி?"

"இல்லம்மா! ரத்தம் ஓடுனாத்தான் அது தொறந்து மூடும். அப்பவே நின்னுருக்கும்."

அவர் முகம் தெளிந்தது. நான் அதற்குள் டாக்டராகிவிட்ட மிதப்பில் இருந்தேன்.

புவனகிரியில் பையை எடுத்துக்கொண்டு எழுந்தவர், குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"அப்போ வூட்ல எனக்குக் கேக்குறது என்னா?"

பதில் சொல்வதற்குள் இறங்கிப் போய்விட்டார். கண்டக்டர் விசில் ஊதினார்.

ஹாஸ்டல் ரூம் கடிகாரத்தில் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இதை நம் காலேஜ் குரூப்பில் எழுதுகிறேன். சீனியர்களே, நாளைக்கு இந்தக் கேள்வி வந்தால் என்ன சொல்வது?