சொன்னவர் யார்?

அகராதி அலுவலகத்தில் அவளைச் சீட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொல்லுக்கு ஒரு சீட்டு. முன்பக்கம் பொருளும் எடுத்துக்காட்டு வாக்கியமும்; பின்பக்கம் அதைச் சொன்னவர் யார், எங்கே, என்றைக்கு, கடைசியில் கேட்டு எழுதியவர் கையெழுத்து. உட்கார்ந்த இடத்தில் வாக்கியத்தை இட்டுக்கட்டக் கூடாது என்பது அங்கே சட்டம். இருபத்தாறு வருடமாகப் பேருந்திலும் மருத்துவமனை வரிசையிலும் காதைத் தீட்டிக்கொண்டு நின்று அவள் சேர்த்ததே நான்கு அலமாரி. அதில் ஒரு பொய்ச் சீட்டு கிடையாது.

'சர்வதேசமயமாதல்' என்ற சொல்லுக்கு மட்டும் வாக்கியம் வீடு தேடி வந்தது. தங்கச்சி பத்தொன்பது வருடம் மழலையர் வகுப்பு எடுத்த பள்ளிக்கூடம், பெயர்ப்பலகையில் உலக உருண்டையை வரைந்த கையோடு, ஆங்கில உச்சரிப்பு போதாது என்று அவளை நிறுத்திவிட்டது. மூக்கைத் துடைத்துத் துடைத்து ஊர்ப் பிள்ளைகளை ஆளாக்கியவளுக்கு உச்சரிப்பு போதாதாம்! தங்கச்சி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னாள்: "பள்ளிக்கூடம் சர்வதேசமயமாயிடுச்சாம்க்கா. இனிமே நான் வேண்டாமாம்."

சீட்டக்கா அதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதி, கையெழுத்துப் போட்டு, அகராதி ஆசிரியர் மேசையில் வைத்தாள். அவர் சிவப்பு மையால் அடித்துவிட்டு, புதுச் சீட்டில் தானே எழுதி நீட்டினார்: 'பள்ளி சர்வதேசமயமானதால் அனைவரும் பயனடைந்தனர்.'

"இதை யாரு சார் சொன்னா?"

"யாரு சொன்னா என்னம்மா? அந்தப் பள்ளிக்கூடம் நம்ம அகராதியில முந்நூறு பிரதி கேட்டிருக்கு. பின்னாடி ஒரு கையெழுத்து போட்டுக் குடு."

"அனைவரும்னா என் தங்கச்சியுமா?"

"வீட்டுக் கதையை இங்க கொண்டுவராத."

அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. "நாலு அலமாரியும் யாரோ ஒருத்தர் வீட்டுக் கதைதானே சார்! அதெல்லாம் இனிச்சுது, இது மட்டும் கசக்குதா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க என் கையெழுத்து வேணுமா?"

"போடு. இல்லாட்டி நாளைலேருந்து வராத."

சீட்டக்கா உட்கார்ந்தாள். பின்பக்கத்தில் நிதானமாக எழுதினாள். சொன்னவர்: ஆசிரியர். இடம்: அவருடைய மேசை. நாள்: இன்று. கீழே தன் கையெழுத்தைப் பெரிதாகப் போட்டாள்.

"நீங்க சொன்னீங்க, நான் கேட்டேன். சட்டப்படி சரியா இருக்கு, பாருங்க."

அவர் முகம் கறுத்தது. சீட்டை நாலாகக் கிழித்தார். மதியத்துக்குள் அவள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நடந்ததைக் கேட்டதும் தங்கச்சி பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். "உனக்கென்ன பைத்தியமாக்கா? ஒரு கையெழுத்து போட்டா குடியா முழுகிடும்? ஒருத்தி சம்பளமாவது மிஞ்சியிருக்குமே! நான் சொன்னதை எவன் படிக்கப் போறான்?"

"வாயை மூடுடி!" சீட்டக்கா பையைத் தரையில் வீசினாள். "இங்க நீ வேலையில்லாம உட்கார்ந்திருக்க. எல்லாரும் பயனடைஞ்சாங்கன்னு நான் எந்தக் கையால கையெழுத்து போடுவேன்?"

வேலை போன நாளில்கூட அழாத தங்கச்சி அப்போதுதான் அழுதாள்.