வேலியடியில் நூறுவரை எண்ணிய பிள்ளை

அன்று போனவர்கள் நான், மகள் வதனி, மருமகன் ரூபன். அங்கே போய்ச் சந்தித்தது ஒரு ஜெர்மன் கிழவரை. ஐப்பசி மாதம், சனிக்கிழமை.

ரூபன் புறப்பட்டது இறைச்சி வாங்க. சுவிஸ் எல்லைக்கு அப்பால், ஜெர்மனியின் கொன்ஸ்ரான்ஸில் விலை பாதி. ஆனால் வரியில்லாமல் ஆளுக்கு ஒரு கிலோதான் கொண்டுவரலாம். “மாமியும் வந்தா மூண்டு கிலோ,” என்றார். நான் புறப்பட்டது ஒரு கதைக்காக.

முன்பு ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்தேன். பன்னிரண்டாம் அறையில் ஹில்டா என்ற ஜெர்மன்காரி இருந்தார். நான் யன்னல் துடைக்க, அவர் கதை சொல்லுவார். ஹிட்லரின் காலம். கொன்ஸ்ரான்ஸ் ஏரிக்கரையில் ஒரு தாய் தன் மகளைக் கம்பிவேலிக்குக் கீழால் சுவிஸ் பக்கம் தள்ளிவிடுகிறாள். “அந்த மரத்தடியிலை நிண்டு நூறுவரை எண்ணு. தம்பியைக் கூட்டிக்கொண்டு வாறன்,” என்கிறாள்.

எனக்கு விளங்கியது பாதி ஜெர்மன்தான். ஆனால் கதை கேட்டால் ‘ம்’ கொட்ட வேண்டும் என்பது எங்களுக்குச் சின்ன வயதுப் பழக்கம். நான் ‘ம்’ சொல்லாவிட்டால் ஹில்டாவும் நிறுத்திவிடுவார். அந்த மரத்தடி வந்ததும் ஒன்று, இரண்டு என்று நூறுவரை எண்ணுவார். “மிச்சம் நாளைக்கு,” என்பார். மறுநாளும் வேலியிலிருந்துதான் தொடங்குவார். பிறகு என்னைச் சலவைப் பகுதிக்கு மாற்றினார்கள். இரண்டு மாதத்தில் ஹில்டா செத்துப்போனார். தாய் வந்தாளா, இல்லையா? இத்தனை வருடமும் அது நெஞ்சுக்குள் முள்ளாகவே கிடந்தது.

ஓர்லிகோனில் காலை 8.40க்கு ரயில் ஏறி, வின்ரத்தூரில் மாறி, பத்து மணிக்கு எல்லையோரச் சுவிஸ் ஊரான குரொயிற்ஸ்லிங்கனில் இறங்கினோம். அரைக்கட்டண அட்டையோடு ஒருவழிக்குப் பதினாறு பிராங் ஆனது. அங்கிருந்து ஏரிக்கரைக்கு இருபது நிமிட நடை. முழங்கால் நோவுள்ளவர்களுக்கு அரை மணி.

ஏரி இருந்த இடத்தில் மூடுபனிதான் இருந்தது. அன்னங்கள் வெள்ளைக்குள்ளிருந்து வந்து வெள்ளைக்குள்ளேயே போயின. தண்ணீர் எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. வேலி இருந்த இடத்தில் இப்போது உயரமான உலோகச் சிலைகள் நிற்கின்றன. அவற்றுக்கிடையே சைக்கிள்காரர் ஒருவர் சீட்டியடித்தபடி நாடு மாறிப் போனார். என் கால் மட்டும் நின்றுவிட்டது.

“அம்மா, சிவப்புச் சுவிஸ் பாஸ்போட் கையிலை கிடக்கு. ஏன் நிக்கிறியள்?” என்றாள் வதனி.

“கால் இன்னும் தற்காலிக அனுமதியிலை நிக்குது, பிள்ளை.”

அகதியாக வந்து அந்த அனுமதியோடு இருந்த காலத்தில் எல்லை தாண்டிப் போக எங்களுக்கு விடவில்லை.

சிலையடி வாங்கில் உட்கார்ந்து ஒரு கிழவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பிறந்து வளர்ந்தது இங்கேதான் என்றார். என் உடைந்த ஜெர்மனில் கதையைச் சொன்னேன். அவரும் “யா, யா” என்று ‘ம்’ கொட்டினார்.

“இந்த வேலிக்கதையளை எங்கடை ஆக்கள் சொல்லேக்கை தாய் எப்பவும் வந்திடுவா. பிள்ளையள் நித்திரை கொள்ள வேணுமெல்லோ,” என்று அவர் சொன்னதை வதனி தமிழாக்கினாள். பிறகு அவர் என்னைப் பார்த்தார். “ஹில்டா நூறு எண்ணி முடிச்சாப் பிறகு என்ன செய்வா?”

“திரும்பவும் முதலிலையிருந்து.”

கிழவர் கோப்பையைக் கீழே வைத்தார். “அப்ப தாய் வரேல்லை. அந்தப் பிள்ளை அவதான்.”

வதனி இதைத் தமிழாக்கவில்லை. தேவைப்படவும் இல்லை. நான் எல்லைக்கோட்டில் நின்றபடி பனிக்குள் பார்த்து நூறுவரை எண்ணினேன். கிழவர் கடைசிவரை “யா” சொன்னார். எண்ணி முடித்துத்தான் காலை எடுத்து அந்தப் பக்கம் வைத்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஐப்பசியில் பதினொரு மணிக்கு முன் போனால்தான் பனி இருக்கும். பாஸ்போட் கட்டாயம் கொண்டுபோங்கள். இறைச்சியைக் கடைசியாக வாங்குங்கள். ரூபன் எல்லை தாண்டியதுமே வாங்கி, மூன்று கிலோவையும் ஏரிக்கரை முழுக்கச் சுமந்தார்.

ஹில்டாவின் எண்ணிக்கைக்கு ‘ம்’ சொல்ல அந்த இல்லத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன். “உவ வேலை செய்யிறாவில்லை, கிழவியோடை கதைச்சுக்கொண்டு நிக்கிறா,” என்று மேலாளரிடம் சொல்லி என்னை மாற்றுவித்தது வெள்ளைக்காரர் இல்லை. அங்கே வேலை செய்த தமிழ்ப் பெண், என்னோடு ஒரே சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து சோறு சாப்பிட்டவள். பெயரைப் போட வேண்டாம் என்கிறாள், நான் சொல்லச் சொல்ல இதை எழுதும் வதனி. போடு, பிள்ளை.

அவள் பெயர் யோகராணி.