இணைப்பு விழாவுக்கு நான் ஓட்டிய வேன்

திருமயம் பக்கத்தில் அந்தக் கல்யாண மண்டபத்துக்குள் வேனைத் திருப்பினால், வாசலில் மாற்றுக் கட்சிக் கொடி. இடம் மாறி வந்துவிட்டோம் என்று ரிவர்ஸ் போட்டேன். பின்னால் காரில் வந்த அண்ணன் கையை நீட்டி, உள்ளே போகச் சொன்னார்.

அண்ணன் என்றால் எங்கள் ஒன்றியச் செயலாளர். அவருக்கு வண்டி ஓட்டியே எனக்குத் தலை நரைத்தது. கட்சி வண்டி ஓட்டுகிறவன் எங்கே, எதற்கு என்று கேட்கிற வழக்கமே கிடையாது. மகளிரணியும் அப்படித்தான். வேன் வருகிறது என்று போன் வந்தால், உலையை இறக்கிவைத்துவிட்டு வந்து ஏறிவிடுவார்கள். அன்றைக்கும் ஏதோ மாவட்டக் கூட்டம் என்று நினைத்து, எல்லோரும் எங்கள் கட்சிச் சேலையில் வந்திருந்தார்கள். கூட்டி வந்தது மகளிரணிச் செயலாளரான என் மனைவி மேரி. வரப்போகிற பேரூராட்சித் தேர்தலில் எங்கள் வார்டுக்கு அவள்தான் வேட்பாளர் என்று பேசி முடித்திருந்தார்கள்.

மண்டபத்து வாசலில் வேனுக்குள்ளேயே அந்தக் கட்சி நிறத்தில் ஆளுக்கொரு புதுச் சேலையைக் கொடுத்து, மணமகள் அறையில் மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். அண்ணன் கட்சி மாறுகிறார் என்று அப்போதுதான் புரிந்தது. காலையில் என்னோடு நின்று டீ குடித்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அண்ணனைப் பகைத்துக்கொண்டு எங்கள் ஊரில் காலம் தள்ள முடியாது.

மேரி மட்டும் வேனை விட்டு இறங்கவில்லை. அண்ணனே வந்து, இந்தக் கட்சியிலும் சீட்டு அவளுக்குத்தான் என்றார்.

“நீங்க மாறுங்கண்ணே, அது ஒங்க இஷ்டம். நான் வீடு வீடாப் போயி ஓட்டுக் கேட்டது இந்தச் சின்னத்துக்கு இல்லங்க. நாளைக்கு அந்த வாசல்கள்ல எப்புடிப் போயி நிப்பேன்?”

“நீயாச்சும் சொல்லுப்பா,” என்றார் அண்ணன் என்னிடம். மேரி இறங்கி ரோட்டுக்கு நடந்தாள். நான் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு அவள் பின்னாலேயே ஓடினேன். அதோடு என் டிரைவர் உத்தியோகம் முடிந்தது.

மறுநாள் எங்கள் கட்சி ஆபீஸுக்குப் போனோம். பாராட்டுவார்கள் என்றுகூட அசட்டுத்தனமாக நினைத்திருந்தேன். “அந்த வேன்ல நீங்களும் போனீங்களாமே?” என்றுதான் கேட்டார்கள். நடந்ததைச் சொன்னோம். வேனை ஓட்டினதே புருஷன் என்றால் யார் நம்புவார்கள்? சீட்டு வேறொருவருக்குப் போனது. அண்ணன் செய்ததைவிட இதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

இப்போது வண்டி ஓட்டுகிற தம்பிகளுக்குச் சொல்கிறேன். யார் கூப்பிட்டாலும், ஆளை ஏற்றும் முன் போகிற இடத்தைக் கேளுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.

போன மாதம் அண்ணன் பழைய கட்சிக்கே திரும்பி வந்தார். சால்வை போட்டு, மாவட்டப் பொறுப்பும் கொடுத்தார்கள். கடைசி வரிசையில் நானும் மேரியும் உட்கார்ந்து கைதட்டினோம். முன்னால் இருந்தவர் மேடையைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஆளிடம் சொன்னார்:

“அன்னைக்கு வேன்ல போனது இந்தம்மாதான்.”