காய்ந்த துப்பாக்கியும் என் ஆயில் கேனும்

நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி லிண்டா, தன் வேட்டைத் துப்பாக்கியைக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் கொண்டுவருவதே இல்லை. கொல்லையில் ஹீட்டர் இல்லாத ஷெட்டில், பூட்டிய இரும்பு அலமாரிக்குள் அது விறைத்துக் கிடக்கும். சூட்டுக்கு வந்தால் இரும்பு வியர்க்குமாம். மறுபடி வெளியே போனால் அந்த வியர்வை உள்ளே பனிக்கட்டியாகிவிடுமாம். நான் வட கனடாவில் மரம் அறுக்கும் மில்லுக்கு ஃபிட்டராக வந்து மூன்று வருடம் ஆகிறது. நாய்க்கு உள்ளே இடம், துப்பாக்கிக்கு வெளியே என்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

கும்மிடிப்பூண்டியில் ஒரு பிரஸ் ஷாப்பில் பதினோரு வருடம் மெயின்டனன்ஸ் பார்த்தவன் நான். கடல் காற்றுக்கு, சனிக்கிழமை துடைத்து வைத்த ஸ்பேனர் திங்கட்கிழமை துருவேறி நிற்கும். எங்கள் ஃபோர்மேன் மெஷினை விரலால் தடவிப் பார்த்து, "இன்னாபா, காஞ்சி கெடக்குது? நல்லா ஊத்து. கைய வெச்சா வழுக்கணும்" என்பார். காய்ந்த இரும்பைக் கண்டால் என் கை தானாக ஆயில் கேனைத் தேடும்.

போன வருடம் நவம்பரில் லிண்டா துப்பாக்கியின் போல்ட்டைக் கழற்றி ஷெட் மேசையில் துடைத்துக்கொண்டிருந்தாள். தோட்டாவை அடிக்கும் ஊசி அதற்குள்தான் இருக்கிறது. போன் வந்து அவள் உள்ளே போனாள். போல்ட் ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் கிடந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. மில்லில் வாங்கி வந்த கெட்டி ஆயிலை உள்ளே தாராளமாக விட்டு, மேலே வழிந்ததை மட்டும் துடைத்து வைத்தேன். சொல்லாமல் செய்த உதவி என்று பெருமை வேறு.

மறுநாள் மைனஸ் இருபத்தைந்து டிகிரி குளிர். அன்றோடு வேட்டைக்காலம் முடிகிறது. அவளுக்கு இருந்தது ஒரே ஒரு மூஸ் மானுக்கான அனுமதி. அந்த இறைச்சிதான் அவளுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் குளிர்காலச் சாப்பாடு. மத்தியானம் வெறுங்கையோடு வந்தாள். மூஸ் எதிரிலேயே நின்றதாம். டிரிகரை இழுத்ததும் சோம்பலாக ஒரு 'டிக்'. அவ்வளவுதானாம், தோட்டா வெடிக்கவில்லை.

"டிட் யூ ஆயில் இட்?" என்றாள்.

"யெஸ், யெஸ். ஃபுல்!" என்றேன். பாராட்டத்தான் கேட்கிறாள் என்று நினைத்துச் சிரிக்கவும் செய்தேன்.

"ஓகே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அது கோபமா, மன்னிப்பா, வீட்டைக் காலி செய் என்பதா? ஊரில் என்றால் தெருவுக்கே கேட்கிற மாதிரி திட்டியிருப்பார்கள், எனக்கும் விளங்கியிருக்கும். மறுநாள் காலை, ராத்திரி முழுக்க வெளியே வைத்திருந்த என் ஆயில் கேனைக் கொண்டுவந்து என் முன்னால் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒரு சொட்டும் விழவில்லை. துப்பாக்கி ஊசியையும் இப்படித்தான் இறுகிப்போன ஆயில் பிடித்துக்கொண்டிருக்கிறது. எங்கள் ஊர் கவரைப்பேட்டையில் மார்கழிக் காலையில் உறைந்த தேங்காயெண்ணெய் பாட்டிலை வெயிலில் வைத்தவன்தானே நான்! அது ஏன் அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை? வெட்கமாக இருந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க மாடியில் அவர்கள் சமையலறையிலிருந்து பீன்ஸ் வேகும் வாசனைதான் வந்தது. கதவோரம் ஆணியில் எப்போதும் தொங்கும் ஷெட் சாவியை லிண்டா எடுத்துவிட்டாள்.

இந்த அக்டோபரில் சாவி மறுபடி ஆணிக்கு வந்தது. போல்ட்டை அவளே என் கையில் கொடுத்தாள். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் சால்வென்ட்டில் கழுவி, எண்ணெய் வாசனையே இல்லாமல் மூன்று தடவை துடைத்தேன். அந்த வாரம் மூஸ் கிடைத்தது. எனக்கும் ஒரு பொட்டலம் இறைச்சி வந்தது.

டிசம்பரில் லீவில் கவரைப்பேட்டைக்கு வந்தேன். என் மனைவி செல்வி, "வாசல் கேட்டு கிரீச்சுனு கத்துது, கொஞ்சம் ஆயில் போடேன்" என்றாள். போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னாயா இது? போட்ட ஆயில நீயே தொடைச்சிக்கினு கீற?"

கீல்கள் இரண்டும் காய்ந்து பளபளத்தன. எப்போது துடைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் கேட்டைத் தள்ளினாள், அது கத்தியது. மறுபடி கேனை எடுத்தேன். இன்னொரு கை துணியை விடவில்லை.